336 ரூபாய்க்கு இரண்டு போட்டோ

கோட்டக்குப்பத்தில் மழை பெய்தால் தண்ணீருக்கு எல்லை தெரியாது. முத்தியால்பேட்டைத் தண்ணீர் இங்கே வரும். இங்குள்ள தண்ணீர் முத்தியால்பேட்டைக்குப் போகும். தமிழ்நாடு எங்கே முடிகிறது, புதுச்சேரி எங்கே தொடங்குகிறது என்று அது யாரையும் கேட்பதில்லை. எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்தது நிவாரணப் பணம் மட்டும்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. தண்ணீர் வடிவதற்கு முன்பே அறிவிப்புகள் வந்தன. புதுச்சேரி அரசு ஒவ்வொரு ரேஷன் கார்டுக்கும் 5,000 ரூபாய் என்றது. தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு 2,000 ரூபாய் என்றது. அதற்கும் ஒரு நிபந்தனை. இரண்டு நாளுக்கு மேல் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றிருக்க வேண்டும்.

ஒரே மேகம். ஒரே சாக்கடை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நனைந்த பாய் 2,000 ரூபாய், அந்தப் பக்கம் நனைந்த பாய் 5,000 ரூபாய். அதிலும் இந்தப் பக்கத்துப் பாய் 48 மணி நேரம் ஊறியிருக்க வேண்டும். ஒன்றரை நாளில் தண்ணீர் வடிந்துவிட்டால் அது வெள்ளமல்ல, வீடு கழுவிவிட்டது. அரிசி போனது, அடுப்பு போனது, பிள்ளையின் புத்தகம் போனது, எல்லாம் இருக்கட்டும். இரண்டாவது நாள் எத்தனை மணிக்கு ஐயா தண்ணீர் போனது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

சிரிக்க வேண்டாம். இந்த நாட்டில் ஏழைக்குக் கொடுப்பதற்கு முன் அளப்பார்கள். அது ஒரு மரபு. அதற்கு வயது நூற்றைம்பது.

அளவின் அருமை எல்லையில் குடியிருக்கும் நமக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது. புதுச்சேரியில் வாங்கிய ஒரு குவார்ட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் வருபவனைச் சாவடியில் நிறுத்துகிறார்கள். பையைத் திற என்கிறார்கள். டிபன் கேரியரைத் திற என்கிறார்கள். மேல் அடுக்கில் சோறு, நடு அடுக்கில் குழம்பு, கீழ் அடுக்கில் குற்றம். 180 மில்லிலிட்டரில் ராஜ்யம் கவிழ்ந்துவிடும். பக்கத்திலேயே ஒரு லாரி போகும். எம்-சாண்டோ, ஜல்லியோ, கருங்கல்லோ, ஏதோ ஒரு பொதுப்பணிக்குப் போகிற சரக்கு. எத்தனை டன், எந்த வேலைக்கு, போய்ச் சேர்ந்ததா என்று அதை யாரும் கேட்பதில்லை. லாரிக்கு டிபன் கேரியர் கிடையாதல்லவா?

இந்த மரபின் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் போதும். மரக்காணம். உப்பளங்களுக்கு நடுவே பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி அங்கேதான் இருக்கிறது. காக்கிநாடா தொடங்கி வருகிற கால்வாய் நம் விழுப்புரம் மாவட்டத்தில் வந்து மூச்சு வாங்கி நிற்கிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்னது 1876-78 பஞ்சம். தென்னிந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் அரசு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்தியது. 68,000 பேருக்கு ஒரு வாரம் விருந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு, பசித்தவனுக்கு வேலை கொடுத்தது. இந்தக் கால்வாயில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் பகுதி அப்படித்தான் தோண்டப்பட்டது. செலவு 30 லட்சம் ரூபாய். பஞ்ச நிவாரணப் பணி என்று பெயர்.

கூலி எவ்வளவு கொடுக்கலாம்? இதைத் தீர்மானிக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவருடைய முன்கதை சுவையானது. 1874-இல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர் இவர்தான். அதற்காகத் திட்டு வாங்கினார். பணத்தை இப்படியா வாரி இறைப்பது என்று கேட்டார்கள். ஆள் சாகாமல் இருந்ததுதான் அவர் செய்த குற்றம். தப்பு செய்த பிள்ளை மறுபடி செய்யுமா? சென்னைக்கு வந்ததும் கணக்கைத் திருத்தினார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்றால் 450 கிராம். முன்பு கொடுத்ததே போதவில்லை. அதிலிருந்துதான் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது மனிதன் உயிரோடு இருக்கக்கூடிய உணவே இல்லை என்று எதிர்த்தார். மருத்துவருக்கு என்ன தெரியும், கணக்கா தெரியும்?

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வீட்டுக்குப் பத்து மைலுக்குள் வேலை தர மாட்டார்கள். பசி உண்மையானதா என்று சோதிக்க வேண்டாமா? பத்து மைல் நடந்து வந்தால் உண்மையான பசி. வழியில் விழுந்தால் இன்னும் உண்மையான பசி. ஆனால் அவனுக்கு வேலை தேவைப்படாது. கஜானாவுக்கு மிச்சம்.

கால்வாய்க்கு கவர்னர் பெயரை வைத்தார்கள். பக்கிங்காம் பிரபு. தோண்டியவன் பெயர் ஓரடி நீளத்துக்குக்கூட இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அலையின் வேகத்தைப் பல இடங்களில் வாங்கிக்கொண்டது அந்தக் கால்வாய். கரையோரத்து மீனவர்கள் பலர் அதனால் பிழைத்தார்கள். ஒரு ராத்தல் தானியத்துக்குத் தோண்டிய பள்ளம் 127 வருஷம் கழித்தும் வேலை செய்தது. அதே கால்வாய்க்குள்தான் சென்னையில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். பட்டினி கிடந்தவன் வெட்டினான். பட்டம் படித்தவன் அடைத்தான்.

அதோடு விட்டார்களா? 2008-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை உள்ள கால்வாயும் நம் கழுவெளி ஏரியும் சேர்ந்து தேசிய நீர்வழி எண் 4. படித்துப் பாருங்கள், சட்டத்தில் கழுவெளி இருக்கிறது. மரக்காணத்தில் நிற்கிற கால்வாய் கழுவெளி வழியே நம் பக்கம் வந்து புதுச்சேரியைத் தொட வேண்டும். கோதாவரி அரிசி, கிருஷ்ணா சிமெண்ட் எல்லாம் படகில் வரும். நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். படகு வரவில்லை. நாரை வந்தது, பூநாரை வந்தது. 2021-இல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். நல்லதுதான். ஒரே நீரை ஒரு கை சரக்குப் பாதை என்றது, இன்னொரு கை சரணாலயம் என்றது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றனவா என்று பறவைகளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வேலையில்லாதவனுக்கு வேலை கொடுத்து ஊரைக் கட்டுவது வெள்ளைக்காரனின் தந்திரம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மனசு இருந்தால் அதையே ஒழுங்காகவும் செய்யலாம். 1930-களில் அமெரிக்கா பொருளாதாரத்தில் படுத்துக் கிடந்தபோது, ரூஸ்வெல்ட் அரசு 1935 முதல் 1943 வரை 85 லட்சம் பேருக்கு இப்படி வேலை கொடுத்தது. 8,000 பூங்காக்களும் 1,25,000 பொதுக் கட்டடங்களும் அவர்கள் கட்டியவை அல்லது செப்பனிட்டவை. சின்னச் சின்ன ஊர்களின் பள்ளிக்கூடம், தபால் நிலையம், நீச்சல் குளம் எல்லாம் அதில் அடக்கம். பல ஊர்களில் அவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அப்போது அங்கே பத்திரிகைகளில் ஓடிய ஜோக் என்ன தெரியுமா? நிவாரணத் தொழிலாளி மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான் என்பதுதான். அந்த ஜோக்கை அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பூங்காவில்தான் ஊஞ்சல் ஆடினார்கள்.

நம்மூர் ஜோக்கும் அதேதான். நூறு நாள் வேலைக்காரர்கள் மரத்தடியில் தூங்குகிறார்கள். வேப்பமரம் மட்டும்தான் நமக்குச் சொந்தம்.

இதைச் சொல்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பதினோரு மணிக்கு அலுவலகம் வந்து, பதினொன்றேகாலுக்கு டீக்குப் போய், சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே கோப்பை நெஞ்சில் சாய்த்துக் கண் மூடி யோசிப்பவர். அது ஓய்வல்ல, ஆலோசனை. அறுபது வயது அம்மாள் ஏரியில் மண் சுமந்துவிட்டு நிழலில் உட்கார்ந்தால் அது தேசத்துரோகம்.

மகாத்மா காந்தி பெயரில் பிற்பாடு அறியப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தது. 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள். அதில் ஒன்று விழுப்புரம். வறுமையில் முன்னணி என்பதற்குக் கிடைத்த பரிசு. இதில் வேலை செய்பவர்கள் தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஊரில் இதற்கு 'ஏரி வேலை' என்று பெயர். ஏரியைத் தூர்வார, வாய்க்காலை வெட்ட, மரக்கன்று நட, கழிப்பறைக் குழி தோண்ட என்று இவர்கள் தொட்ட மண்ணைக் கூட்டினால் ஒரு மலை எழும்பும்.

2025-26-இல் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். முழுதாகக் கிடைக்குமா என்றால், அதை டேப் சொல்லும். எவ்வளவு வெட்டினாய், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு? கடினமான மண்ணா, இளகின மண்ணா? பெருக்கி வகுத்து, வெட்டியது குறைந்தால் கூலியும் குறையும். அளப்பதில் தப்பில்லை. பொதுப்பணம். ஒரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும். அந்த டேப் வேறு எங்கேயாவது நீளுகிறதா என்பதுதான் நம் கேள்வி.

டேப் போதவில்லை என்று கைப்பேசி வந்தது. 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவுக்குச் செயலி கட்டாயம். காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. எந்த இடத்தில் எடுத்தது என்ற அடையாளத்தோடு ஏற்ற வேண்டும். ஏரிக்கரையில் சிக்னல் இல்லையா? உன் உழைப்பும் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டாயா? அப்படியே நில்லு. இரண்டாவது போட்டோ எடுக்கும் வரை நீ உழைக்கவில்லை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு போட்டோ எடுக்காத அம்மாள்கள் தினம் இரண்டு முறை தேசத்துக்காகப் போஸ் கொடுத்தார்கள்.

விளைவு என்ன? 2025 ஜூலையில் டெல்லி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். ஒரே படம் பல பட்டியல்களில் வருகிறது. படத்தில் இருக்கும் ஆண் பெண் எண்ணிக்கையும் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. இதற்கு அவர்கள் கண்ட மருந்து, ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் ஆள் வைத்துச் சரிபார்ப்பது. மனிதனை நம்பாமல் செயலியைக் கொண்டுவந்தார்கள். செயலியை நம்பாமல் மறுபடி மனிதனைக் கொண்டுவந்தார்கள். நடுவில் வெயிலில் நின்ற அம்மாளை மட்டும் கடைசிவரை யாரும் நம்பவில்லை.

தொழிலாளியின் பக்கம் கணக்கு இவ்வளவு கறார். அரசின் பக்கம்? பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் நஷ்டஈடு உண்டு. எவ்வளவு? பாக்கித் தொகையில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய். அதில் 0.05 சதவீதம் ஒரு ரூபாய். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரூபாய். அரசாங்கம் நமக்குத் தருகிற அபராதத்தில் ஒரு டீ குடிக்கப் பத்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். நாம் மின்கட்டணத்தைத் தாமதித்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஃபியூஸ் போகும், பிறகுதான் பேச்சு.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு டெல்லி தர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. மாதக்கணக்கில் கூலி வரவில்லை. சென்னை டெல்லியைக் கைகாட்டியது. டெல்லி சென்னையைக் கைகாட்டியது. இரண்டு கைகளுக்கும் நடுவே மாட்டியவள் மளிகைக் கடையில் கடன் சொன்னாள். மளிகைக்காரர் 0.05 சதவீதத்துக்குக் கடன் கொடுப்பதில்லை.

2025 டிசம்பரில் கதைக்கு அடுத்த அத்தியாயம் வந்தது. பழைய சட்டம் போய்ப் புதுச் சட்டம். நூறு நாள் 125 நாள் ஆனதாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பதைச் சுமக்க வேண்டும். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் அறுபது நாள் வேலை கிடையாது. சட்டத்தின் பெயரிலிருந்து காந்தியையும் எடுத்துவிட்டார்கள். காந்தியை எடுத்தவர்கள் கேமராவை எடுக்கவில்லை. கண்காணிப்பு இன்னும் கூடுதல். கைராட்டை போனது, கைரேகை இருக்கிறது.

கோட்டக்குப்பத்து வாசகர் இந்நேரம் கேட்பார்: இதெல்லாம் சரி, எங்களுக்கு இந்த வேலையே கிடையாதே! உண்மைதான். சட்டம் ஊரகத்துக்கு மட்டும். கோட்டக்குப்பம் பேரூராட்சியாக இருந்தபோதும் நகரம்தான். 2021-இல் நகராட்சியாகி இன்னும் பெரிய நகரம் ஆனது. நகராட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் வானூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் வலை பின்னுபவரின் மனைவிக்கு ஏரி வேலை உண்டு. இந்தப் பக்கம் வலை பின்னுபவரின் மனைவி நகரவாசி. நகரவாசிக்குப் பசிக்காது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில் சோதனை முயற்சியாக ஒன்றை அறிவித்தார்கள். சோதனை என்றால் ஏழையைச் சோதிப்பது. அதில் நமக்குக் குறைவே வைத்ததில்லை.

நகரமானதால் நமக்குக் கிடைத்தது வேறு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரியை உயர்த்தினார்கள். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கே 25 சதவீதம் கூடுதல். பெரிய வீடுகளுக்கு அதற்கு மேல். பார்த்தீர்களா, மறுபடி டேப். நம் வீட்டுத் திண்ணையையும் விடாமல் அளந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கோழிக்கூட்டை எந்த வகையில் சேர்ப்பது என்று ஒரு யோசனை ஓடியிருக்கும். கவலை வேண்டாம், கோழிக்கு ஆதார் வந்ததும் தெளிவாகிவிடும்.

அந்த வரியில் பூங்கா வரும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் பூங்கா எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா? 2016-இல் 500 அம்மா பூங்காக்கள், பூங்காவுக்கு 20 லட்சம் என்றார்கள். 500 அம்மா உடற்பயிற்சிக் கூடங்கள், கூடத்துக்கு 10 லட்சம் என்றார்கள். எத்தனை ஊர்களில் அதற்குப் பிறகு அந்தப் பூட்டைத் திறந்தார்கள் என்று உங்கள் ஊரைக் கேட்டுப் பாருங்கள். ஆட்சி மாறினால் அடுத்த பெயரில் அடுத்த பூங்கா. பழைய ஊஞ்சலைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புது ஊஞ்சல் போடுவார்கள். பழையதில் ஆடினால் பழைய கட்சிக்காரன் ஆகிவிடுவான் பிள்ளை.

அரசுப் பூங்காவின் இலக்கணம் மாறாதது. முதலில் சுவர். பிறகு வளைவு. வளைவில் படம். உள்ளே பேவர் பிளாக். எங்கே புல் முளைக்கக்கூடுமோ அங்கேயெல்லாம் பேவர் பிளாக். கான்கிரீட்டில் செய்த ஒரு மான், கான்கிரீட்டில் செய்த ஒரு காளான். நிழல் தந்த மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தகரக் கூரை போட்ட குடை. வாசலில் கருங்கல்லில் கல்வெட்டு. அதில் முதலமைச்சர் தொடங்கி வார்டு உறுப்பினர் வரை பெயர்கள். ராஜராஜன் கல்வெட்டில்கூட விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பெயர் இருக்கும். இங்கே கட்டிய கொத்தனார் பெயர் கிடையாது. சித்தாள் பெயர் கிடையவே கிடையாது. ஒப்பந்தக்காரர் பெயரும் பெரும்பாலும் இருக்காது. அவருக்கு அடக்கம் அதிகம். இடிந்து விழுந்த பிறகும் அந்த அடக்கம் கலையாது.

இடிந்து விழுவது என்றதும் நினைவு வருகிறது. நம் மாவட்டத்துத் தளவானூர். தென்பெண்ணையாற்றின் குறுக்கே 25 கோடியே 35 லட்சம் ரூபாயில் ஒரு தடுப்பணை. 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் உடைந்தது. நான்கு மாதம். ஒரு குழந்தை குப்புறவிழக் கற்றுக்கொள்ளும் வயதில் அணை குப்புறவிழுந்துவிட்டது. பொறியாளர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அதே வருஷம் நவம்பரில் வெள்ளம் வந்து இன்னொரு பக்கத்தையும் பெயர்த்தது. கடைசியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மக்கள் பணத்தில் கட்டி, மக்கள் பணத்தில் வெடி வாங்கி, மக்கள் முன்னிலையில் தகர்த்த முதல் தரமான சிக்கனம்.

அதே ஆற்றில், அதே நவம்பரில், எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. ஆனால் அது 1950-ஐ ஒட்டிக் கட்டியது. எழுபது வருஷம் பாசனத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு விழுந்தது. அதற்குப் பெயர் வயது. தளவானூருக்கு என்ன பெயர்?

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு. அதே தென்பெண்ணை. 15 கோடியே 90 லட்சம் ரூபாயில் பாலம். 2024 செப்டம்பரில் திறப்பு விழா. டிசம்பரில் ஃபெஞ்சல் வெள்ளத்தில் போனது. ஒன்று ஓர் ஆட்சி, இன்னொன்று அடுத்த ஆட்சி. கட்சிக்காரர்கள் சண்டை போட வேண்டியதில்லை, கணக்கு சமன். எதிர்பார்த்ததைவிட அதிகத் தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். ஆற்றில் பாலம் கட்டும்போது தண்ணீர் வரும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். டெண்டரில் அப்படி ஒரு நிபந்தனை இல்லைபோலும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஏரிக்குள் ஓர் அம்மாள் வெட்டிய குழி. ஆழம் இரண்டு அங்குலம் குறைந்தால் அன்றைய கூலியில் பிடித்தம். ஆற்றுக்கு நடுவே 25 கோடியில் கட்டிய அணை. அடித்தளத்தில் எத்தனை அடி குறைந்தது என்று ஆறு வந்து தோண்டிக் காட்டும் வரை ஒருவருக்கும் தெரியாது. அம்மாளுக்கு இரண்டு போட்டோ. அணைக்கும் இரண்டு போட்டோதான். அடிக்கல் நாட்டும்போது ஒன்று, ரிப்பன் வெட்டும்போது ஒன்று. இரண்டிலும் அணை இருக்காது, மாலைதான் இருக்கும். 336 ரூபாய் வாங்கும் பெண் திருடி என்ற சந்தேகத்தில் தொடங்குகிறது நம் நிர்வாகம். கோடி வாங்குபவர் உத்தமர் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறது. சந்தேகம் முழுவதையும் கீழே செலவழித்துவிட்டதால் மேலே போகும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

டெம்பிள் துரை செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய தராசு மட்டும் பழுதாகாமல் இருக்கிறது. அரசு உருவாக்கியதில் உடையாத ஒரே பொருள் அதுதான்.

கடைசியாகக் கடலுக்கு வாருங்கள். தந்திராயன்குப்பம் கரையில் கொஞ்சம் நின்று பாருங்கள். எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை மறித்தன. தெற்கில் மணல் சேர்ந்தது. வடக்கில் கரை கரைந்தது. மணலை அள்ளி வடக்கே கொட்டிக்கொண்டே இருந்தால் கரை நிற்கும் என்பது கட்டியவர்களுக்கும் தெரியும். அந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரி நகரம் தன் கரையைக் காக்கக் கல் கொட்டியது. கல் முடிந்த இடத்திலிருந்து கடல் கரையைத் தின்றது. அங்கே கல் கொட்டினார்கள். கடல் அதற்கு அடுத்த குப்பத்துக்குப் போனது. இப்படிக் கல்லும் கடலும் கைகோத்துக்கொண்டு கோட்டக்குப்பத்தைத் தாண்டிப் பொம்மையார்பாளையம் பக்கம் நடந்துகொண்டே இருக்கின்றன. வலை காயப்போட்ட மணல் போனது. படகு ஏற்றிய துறை போனது. தென்னை போனது, வீடு போனது. இங்கே நிவாரணம் என்றால் கல். தூண்டில் வளைவு என்று அழகான பெயர். தூண்டிலில் யார் மீன் பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஒன்றே ஒன்று கேட்கிறோம். கடலில் கொட்டிய கல்லை எண்ணியவர் யார்? எத்தனை லாரி? எத்தனை டன்? எத்தனை கல் இன்னும் போட்ட இடத்தில் இருக்கிறது, எத்தனை மண்ணுக்குள் போய்விட்டது? அலைக்கு அடியில் எந்த டேப் வைத்து அளந்து பில் எழுதினார்கள்? ஒப்பந்தக்காரருக்குக் கடல்போல் வசதியான வேலைத்தளம் கிடையாது. போட்டது தெரியாது. போடாததும் தெரியாது. கேட்டால் அலை கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவிடலாம். அலைக்கு எதிராக யார் வழக்குப் போட முடியும்?

நம் கோரிக்கை பெரிதல்ல. அம்மாளுக்கு வைத்த செயலியை அப்படியே எடுத்து லாரிக்கு மாட்டுங்கள். கல் ஏறும்போது ஒரு போட்டோ, கல் இறங்கும்போது ஒரு போட்டோ. பூங்கா திறந்த அன்று ஒரு போட்டோ, ஒரு வருஷம் கழித்து ஒரு போட்டோ. அணை கட்டி முடித்ததும் ஒரு போட்டோ, அடுத்த ஐப்பசியில் ஒரு போட்டோ. போட்டோ பொருந்தாவிட்டால் கூலி கிடையாது. அம்மாள் சம்மதித்த நிபந்தனைதானே? கோடீஸ்வரருக்கு மட்டும் என்ன கூச்சம்? சிக்னல் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். ஏரிக்குள்ளேயே எடுத்துக் காட்டினார்களே.

செய்ய மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். செய்ய வேண்டியதும் இல்லை. கடலே அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி வருகிறது. காலையில் ஒரு வருகைப் பதிவு, பிற்பகலில் ஒரு வருகைப் பதிவு. கல்லைத் தட்டிப் பார்க்கிறது, புரட்டிப் பார்க்கிறது. குறைந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. கமிஷன் வாங்காத தணிக்கையாளர் இந்தக் கரையில் அது ஒன்றுதான். பிடித்தம் செய்யவும் அதற்குத் தெரியும். பிடித்தம் செய்கிற இடம் மட்டும் ஒப்பந்தக்காரரின் பில் அல்ல. தந்திராயன்குப்பத்து மீனவரின் வீட்டுச் சுவர்.